கண்ட்ரோலர் பழுதானால் என்ன செய்யலாம்?

முப்பரிமாண விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் உருவத்தை நடக்கவைப்பது கண்ட்ரோலரின் இடப்பக்கக் குமிழ். பார்வையைத் திருப்புவது வலப்பக்கக் குமிழ். ஒவ்வொரு குமிழின் அடியிலும் இரண்டு உணரிகள் உண்டு. ஒன்று இட-வலச் சாய்வையும் மற்றது முன்-பின் சாய்வையும் அளக்கும். உரசி அளக்கும் வகையில் உள்ளிருக்கும் கரித்தடம் நாளடைவில் தேயும். பிறகு விரலை எடுத்தாலும் உருவம் தானாக ஒரு பக்கம் நகரும். இதுதான் ‘டிரிஃப்ட்’. செட்டிங்ஸில் ‘டெட் ஸோன்’ அளவைக் கூட்டினால் சிறு நகர்வு மறையுமே தவிர, தேய்மானம் சரியாகாது. காந்தப்புலத்தால் அளக்கும் ஹால் உணரியில் இந்த உரசல் இல்லை. வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

தலையில் மாட்டும் வி.ஆர். கருவியில் ஆபத்து வேறு. குமிழைத் தள்ளி நடக்கையில் உடல் நகர்வதாகக் கண் சொல்லும், இல்லை என்று உள்காது சொல்லும். குமட்டல் வருவது இதனால்தான். நடப்பதற்குப் பதில் இடம்விட்டு இடம் தாவும் முறையைத் தேர்ந்தால் பலருக்கு இது குறையும். கைப்பிடியின் அசைவுத் தரவோ ஆளையே காட்டிக்கொடுக்கும். 2023இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 50,000க்கும் மேற்பட்டோரில் ஒருவரை வெறும் 100 நொடி தலை, கை அசைவைக் கொண்டு 94 சதவீதத் துல்லியத்துடன் அடையாளம் கண்டனர். 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது படிப்படியாகவே நடைமுறைக்கு வருவதால், பிள்ளையின் கணக்கில் எந்தெந்த அனுமதிகள் தரப்பட்டுள்ளன என்பதைப் பெற்றோரே அவசியம் பார்க்க வேண்டும்.

இணையத்தில் வாங்கிய பொருள் பழுது என்றால் அறந்தாங்கிக்காரர் விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அதாவது புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில். பலர் அறியாத, பெரிய உரிமை இது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு முன் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுவது நல்லது; 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆதாரமாக ரசீது, வாரண்டி அட்டை ஆகியவற்றுடன் ஒரு வீடியோவும் வேண்டும்: கண்ட்ரோலர் யாரும் தொடாமல் மேசையில் கிடப்பதும் திரையில் உருவம் நகர்வதும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். கண்ட்ரோலரின் வரிசை எண்ணையும் அதிலேயே காட்டிவிடலாம்.