சுவரொட்டி சொல்லாத வீக்கம்

டெரட்டோகார்சினோமா என்ற புற்றுக்கட்டி பற்றிக் கட்டுரை என்றதும் ஆசிரியர் குழுவில் எல்லோரும் கேட்டது பல்லையும் முடியையும்தான். இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சினைப்பையில் வரும் டெர்மாய்டு கட்டியை அறுத்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு முடிச்சுருள் வரும், சில சமயம் முழுப் பல்லே இருக்கும். எகிப்தின் அமர்னாவில் 3,000 ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்த ஓர் இளம்பெண்ணின் இடுப்பெலும்புப் பகுதியில், இரண்டு பற்களோடு அப்படியொரு கட்டியைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் சாதுவான ரகம். பொல்லாத ரகம் இளைஞர்களின் விதையில் வருகிறது. அதைப் பற்றி மருத்துவம் கற்றதில் பெரும்பகுதி ஓர் எலியின் வீக்கத்தில் தொடங்கியது.

1953. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊர். அங்கிருந்த எலி ஆய்வுக்கூடத்துக்கு ஓர் இளம் விஞ்ஞானி வேலைக்கு வருகிறார். புகையிலையையும் சிகரெட் காகிதத்தையும் எலிகளில் சோதிக்க வேண்டும், செலவு சிகரெட் தொழிலுடையது. ‘129’ என்று எண்ணிட்ட இனத்தில் ஓர் ஆண் எலியின் விதைப்பை வீங்கியிருந்தது அவர் கண்ணில் பட்டது. அறுத்துப் பார்த்தால் உள்ளே தசை, குருத்தெலும்பு, நரம்பு, தோல் எல்லாம் தாறுமாறாகக் கலந்து கிடந்தன. சிகரெட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மனிதர் சிகரெட்டை விட்டுவிட்டு வீக்கத்தைப் பிடித்துக்கொண்டார். (அந்தப் பணம் உருப்படியாகச் செலவானது இங்கேதான் என்பது என் எண்ணம்.)

அந்த இனத்து ஆண் எலிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கு இந்தக் கட்டி வந்தது. பின்னர் அவர் உருவாக்கிய கிளை இனத்தில் அது மூன்றில் ஒன்றானது. அவற்றின் கருக்களை எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பின்னோக்கிப் போனார். எலி தாயின் வயிற்றில் இருக்கும்போதே கட்டிக்கு வித்து விழுந்துவிடுகிறது. பின்னாளில் விந்தணுவாக வேண்டிய செல், கரு வளர்வதுபோல் தானே பிரிந்து வளரத் தொடங்கிவிடுகிறது.

1964-இல் மிச்சிகனில் இருவர், இந்தக் கட்டியிலிருந்து ஒரே ஒரு செல்லை எடுத்து வேறொரு எலிக்குள் வைத்தார்கள். ஒரு டசனுக்கு மேற்பட்ட திசுக்களோடு முழுக் கட்டியே வளர்ந்தது. வெறிபிடித்துப் பெருகுவது அந்த மூல செல் மட்டும்தான், முதிர்ந்து எலும்பாகவோ தோலாகவோ ஆகிவிட்டவை அடங்கிவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. 1975-இல் பிலடெல்பியாவில், எட்டு ஆண்டுகள் எலிவிட்டு எலி மாற்றி வளர்த்த கட்டியின் செல்களை இளம் கருவுக்குள் செலுத்தியபோது ஆரோக்கியமான எலிகளே பிறந்தன, அதுவும் இரு நிற ரோமத்தோடு. இதிலிருந்து 1981-இல் எலியின் கரு ஸ்டெம் செல், 2007-இல் நோபல் பரிசு என்று போகும் கதை எல்லோரும் படித்ததுதான். விட்டுவிடுகிறேன்.

மனிதனிலும் வித்து கருவிலேயே விழுகிறது. பருவம் வரும்வரை தூங்கிக் கிடந்து, பெரும்பாலும் 15 வயதுக்கும் 35-க்கும் இடையில் எழுந்திருக்கிறது. 1970-கள் வரை, பரவிவிட்டால் பத்தில் ஒருவர் பிழைத்தாலே அதிசயம். 1974-இல் இண்டியானாபோலிஸில் சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று பரவிய நிலையில் வருபவர்களிலும் சுமார் 80 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். மூல செல் மருந்துக்குச் சாகிறது, முதிர்ந்த திசு அசைவதில்லை, அதைச் சர்ஜன் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மிச்சிகன் எலி சொன்ன பாடத்தை ஆபரேஷன் தியேட்டரில் அப்படியே காணலாம். ஓர் அமெரிக்க சைக்கிள் வீரர் 1996-இல் பிழைத்ததும் இப்படித்தான். நுரையீரல், வயிறு, மூளை வரை போன பிறகு! வீக்கத்தை அவர் பொருட்படுத்தவே இல்லை. இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனார்.

என் கவலையெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இத்தனை நல்ல மருந்து இருந்தும் நம் பையன்கள் வேட்டிக்குள்ளும் ஜீன்ஸுக்குள்ளும் வீக்கத்தை மறைத்துக்கொண்டு திரிகிறார்கள். வலி இல்லை, அதனால் அவசரமும் இல்லை. அம்மாவிடம் சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு நடந்தால் யாரிடமுமே சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டு கழிவறைச் சுவரில் ‘மூலம், பௌத்திரம், விரைவீக்கம் - ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. கூச்சப்படுகிறவனுக்கு அதிலுள்ள போன் நம்பர்தான் சௌகரியம். சூரணம் தின்று களிம்பு தடவுகிற மாதங்களில் கட்டி வயிற்று நிணநீர்க் கணுக்களுக்கு ஏறிவிடும்.

இந்தியாவில் இது அரிய நோய், எல்லோரும் மாதாமாதம் தடவிப் பார்ப்பதால் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன என்பதற்குச் சான்றில்லை என்று சொல்லும் நிபுணர்கள் உண்டு. இருக்கட்டும். நான் கேட்பது மாதாந்தரச் சோதனை இல்லை, தட்டுப்பட்டதை மறைக்காமல் இருப்பது.

டாக்டரிடம் போனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். ஓதமாக இருந்தால் நீர் சிவப்பாக ஒளிரும், திடமான கட்டி இருட்டாகவே நிற்கும். ஓதத்துக்குள் கட்டி ஒளிந்திருப்பதும் உண்டு என்பதால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கூடவே ரத்தத்தில் ஏஎஃப்பி, எச்சிஜி அளவுகளையும் பார்ப்பார்கள். இரண்டாவது, பெண்களுக்குக் கர்ப்பம் உறுதிசெய்யப் பார்க்கும் அதே ஹார்மோன்தான். விதைப்பையில் நேராக ஊசி குத்திச் சதை எடுக்க யார் முன்வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். புற்றுநோய் புது வழியில் பரவ அது வாசல் திறந்துவிடும். எடுப்பதானால் தொடை இடுக்கு வழியாக விதையையே எடுப்பார்கள். மிச்சமிருக்கும் ஒன்று ஆரோக்கியமாக இருந்தால் பிள்ளை பெறப் பொதுவாக அதுவே போதும். ஆனாலும் மருந்து ஏற்றுமுன் விந்தணுவைச் சேமித்து வைக்கச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

விதைப்பைக்குள் இறங்காத விதையோடு பிறந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். குதிரைகளிலும் விதைக்குள் டெரட்டோமா என்ற பல திசுக் கட்டி பெரும்பாலும் இறங்காத விதையில்தான் கிடைக்கிறது. குழந்தைக்கு விதை இறங்காதது குளிப்பாட்டும் பாட்டிக்குத்தான் முதலில் தெரியும், ‘வளர வளர இறங்கிடும்’ என்று தள்ளிப் போடுவதும் அவர்தான். ஆறு மாதத்துக்கு மேல் அது தானாக இறங்குவது அபூர்வம். ஒன்றரை வயதுக்குள் குழந்தைகள் சர்ஜனிடம் காட்டி ஆபரேஷனை முடித்துவிட வேண்டும்.