கோடை முற்றத்துக்கு எந்தப் பூ?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தை பிறந்து மாரி ஓய்ந்தால், குடிக்கவும் தோட்டத்துக்கும் பெரும்பாலும் சுண்ணக்கல்லில் ஊறிய கிணற்று நீர்தான். ஆகவே முற்றத்துக்குப் பூங்கன்று தேடுபவர், நிறத்துக்கு முன் அதன் தாகத்தைப் பார்ப்பதே முறை. அந்தக் கணக்கில் பத்துமணிப்பூவுக்கும் பட்டிப்பூவுக்கும்தான் முதலிடம். பத்துமணிப்பூ, சதைப்பிடிப்பான இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமித்து வைக்கும். கிள்ளி நட்டாலே வேர்விடும். வெயில் விழாத இடத்தில் மட்டும் அது முழுதாய் விரியாது. பட்டிப்பூ மணலிலும் பிழைக்கும். வாடிய பூவைக் கிள்ளிவிடும் வேலையும் இல்லை. தண்ணீர் தேங்கினால்தான் வேர் அழுகும்.

மதில் ஓரம் தானாக முளைக்கும் பட்டிப்பூவுக்கு என்ன மதிப்பு என்பார்கள். கேட்பாரின்றி முளைப்பதே இந்த மண்ணுக்கு அது பொருந்தும் என்பதற்குச் சாட்சி. நஞ்சுச் செடியாயிற்றே என்பது நியாயமான கேள்வி. உண்மைதான், சின்னப்பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்க்க வேண்டும். ஆனால் அதன் கசப்பால்தான் ஆடு மாடு பெரும்பாலும் அதைத் தீண்டுவதில்லை. இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்ரின் மருந்தும் இதிலிருந்தே கிடைக்கிறது. றோசாதான் வேண்டுமென்றால் ஒரு சாடியில் வையுங்கள். பாத்தியைப் பட்டிப்பூவுக்கு விடுங்கள்.