விளையும் பயிரும் முளையின் வயதும்

நைஜீரியச் சிறுவர் உதைபந்தாட்ட அணியின் வரலாறு

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. உதைபந்தாட்ட உலகில் இவ்வாக்குக்கு எடுத்துக்காட்டு யாதென வினவினால், மேற்கு ஆபிரிக்க நாடாகிய நைஜீரியாவின் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணியையே பலரும் சுட்டுவர். அந்நாட்டின் தேசிய அணி கழுகின் பெயரைப் பூண்டிருத்தலின், இச்சிறுவர் அணி ‘கோல்டன் ஈக்லெட்ஸ்’, அதாவது பொற்கழுகுக் குஞ்சுகள், என வழங்கப்பெறுகின்றது. உலகக் கிண்ணத்தை ஐந்து முறை வென்ற அணி இது. 2025ஆம் ஆண்டு வரை இப்பிரிவில் வேறெந்த நாடும் ஐந்து கிண்ணங்களை எட்டவில்லை.

ஆயினும், “இந்த முளைக்கு வயது என்ன?” என்ற ஐயமும் நெடுங்காலமாக இவ்வணியை நிழல்போல் தொடர்ந்து வந்திருக்கின்றது. வெற்றியை மட்டும் புகழ்ந்து ஐயத்தை மறைப்பது முறையன்று. ஐயத்தை மட்டும் பேசி வெற்றியை இகழ்வதும் முறையன்று. இரண்டையும் ஒருங்கே நோக்குவோம்.

முதற் கிண்ணம்

சிறுவருக்கான முதலாவது உலகச் சுற்றுப்போட்டி 1985ஆம் ஆண்டு சீனாவில் நடைபெற்றது. அந்நாளில் வயதெல்லை பதினாறாக இருந்தது. செபஸ்தியன் புரோடெரிக்ஸ் இமாசுவென் என்பாரின் பயிற்சியில் வந்த நைஜீரியச் சிறுவர், பெய்ஜிங் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனியை 2-0 என்ற கோல் கணக்கில் வீழ்த்தினர். அனைத்துலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் உலகப் போட்டியொன்றில் ஆபிரிக்க நாடொன்று முதலிடம் பெற்றது அதுவே முதற் தடவை. அன்று கோல் அடித்தவருள் ஒருவரான ஜொனதன் அக்போபோரி, பிற்காலத்தில் ஜேர்மனியின் முதற்பிரிவுக் கழகங்களிலேயே ஆடிப் பெயர் பெற்றார்.

1987இல் கனடாவில் மீண்டும் இறுதியாட்டம் வரை சென்று, சோவியத் அணியிடம் தண்ட உதைகளில் தோற்றனர். 1989இல் ஸ்கொட்லாந்தில், காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் அவ்வாறே தோல்வி கண்டனர்.

இடையில் வந்த தடை

அதே 1989ஆம் ஆண்டில் பேரிடி விழுந்தது. 1988 ஒலிம்பிக் போட்டிக்கு அனுப்பப்பட்ட ஆட்டக்காரர் மூவரின் பிறந்த திகதிகள், முந்திய போட்டிகளுக்கு அவர்கள் கொடுத்தவற்றோடு பொருந்தவில்லை. சம்மேளனம் இளைஞர் போட்டிகள் யாவினின்றும் நைஜீரியாவை ஈராண்டுகள் விலக்கி வைத்தது. 1991ஆம் ஆண்டு அங்கு நடைபெறவிருந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியும் போர்த்துக்கலுக்குப் போயிற்று.

இத்தகைய பிழை நேர்வதற்குக் காரணங்கள் உள. பிறப்புகள் பல பதிவு செய்யப்படாத நாட்டில் பத்திரத்தை நம்புவது அரிது. அன்றியும், ஐரோப்பியக் கழகமொன்றின் கண்ணிற் படும் சிறுவன் தன் குடும்பம் முழுவதையும் வறுமையினின்று மீட்கக்கூடும். வயதைக் குறைத்துச் சொல்லத் தூண்டும் ஆசை எத்துணை வலியது! ஆனால், அப்பொய்யினால் முதலில் வஞ்சிக்கப்படுபவன் எதிரணியினன் அல்லன். மெய்யாகவே பதினாறு வயதுடையவனாய், மூத்தவனுக்குத் தன் இடத்தை இழந்து வீட்டிலிருக்கும் நைஜீரியச் சிறுவனே ஆவான்.

மீண்டெழுந்த குஞ்சுகள்

தடை நீங்கிய பின், 1993இல் ஜப்பானில் கானாவை 2-1 என வென்று இரண்டாவது கிண்ணத்தைக் கைப்பற்றினர். அவ்வணியின் தலைவர் வில்சன் ஒருமா. உடன் ஆடியோருள் நுவாங்க்வோ கானுவும் செலஸ்டீன் பாபாயாரோவும் அடங்குவர். மூன்றே ஆண்டுகளில் இம்மூவரும் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அணியிலும் இடம்பெற்றனர். அவ்வணி அரையிறுதியில் பிரேசிலையும் இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டீனாவையும் வென்று தங்கப் பதக்கம் சூடியது. அவ்வாண்டிலேயே இருதய வால்வில் அறுவைச் சிகிச்சைக்குட்பட்ட கானு மீண்டும் களம் புகுந்து, 1999இல் ஆபிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானமை யாவரும் அறிந்ததே.

2007இல் தென் கொரியாவில் ஸ்பெயினைத் தண்ட உதைகளில் வென்று மூன்றாவது கிண்ணம் பெற்றனர். அணியைப் பயிற்றிய யெமி தெல்லா அப்போது நுரையீரற் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். வெற்றி கிட்டிய சில வாரங்களில் அவர் காலமானார்.

எலும்பு சொல்லும் சாட்சி

ஐயத்துக்கு விடை தேட விஞ்ஞானமே முன்வந்தது. முன்கை எலும்பின் மணிக்கட்டுப் பக்கத்து நுனியில், வளரும் பருவத்தில் குருத்தெலும்புப் படலமொன்று உண்டு. வளர்ச்சி முடியும்போது அது முற்றாக எலும்போடு இணைந்துவிடும். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படத்தில் இணைப்பு முழுமையாகத் தெரிந்தால், அவர் பதினேழைக் கடந்தவர் என்று பெரும்பாலும் துணியலாம். ஊடுகதிர்ப் படத்தைப்போல இதில் கதிர்வீச்சு இல்லை. எனினும், சிலருக்கு எலும்பு முந்தியே முதிர்தலும் கூடும். ஆதலின் இச்சோதனை முற்றும் பிழையற்றதன்று. ஆயினும் காகிதத்தினும் நம்பத்தக்கது.

2009இல் நைஜீரியாவிலேயே நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் இச்சோதனை முதன்முதலாகக் கைக்கொள்ளப்பட்டது. போட்டிக்கு முன்னரே நைஜீரிய அணியிலிருந்து பலர் நீக்கப்பட்டனர். புதிதாய்ச் சேர்ந்த சிறுவரோ இறுதியாட்டம் வரை முன்னேறி, அபூஜாவில் சுவிட்சர்லாந்திடம் ஒரே கோலினால் தோற்றனர்.

சோதனைக்குப் பின் வந்த வெற்றி

நமது கருத்தில் இவ்வணியின் மெய்யான பெருமை இங்கேதான் தொடங்குகின்றது. 2013இல் ஐக்கிய அரபு எமிரேட்டில் ஏழு ஆட்டங்களில் 26 கோல்கள் அடித்து, இறுதியில் மெக்சிக்கோவை 3-0 என வென்றனர். 2015இல் சிலியில் மாலியை 2-0 எனத் தோற்கடித்து ஐந்தாவது கிண்ணத்தைப் பெற்றனர். அப்போட்டியில் விக்டர் ஒசிமென் பத்துக் கோல்கள் அடித்தார். லாகோஸ் வீதிகளில் வாகன நெரிசலினிடையே தண்ணீர் விற்ற பாலகன் அவர். 2023இல் அவரது கோல்களின் துணையுடன் நாப்போலிக் கழகம் 33 ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் வெற்றிக் கிண்ணத்தை ஏந்தியது.

அதன் பின் ஏற்றத்தோடு இறக்கமும் வந்தது. 2016இல் சோதனையில் 26 சிறுவர் தேறவில்லை. அயல்நாடாகிய நைஜரிடம் தோற்று அடுத்த உலகப் போட்டிக்கான வாய்ப்பும் கைநழுவியது. 2023, 2025 ஆண்டுகளின் போட்டிகளுக்கும் அவ்வணி தகுதி பெறவில்லை. முதியோர் உலகக் கிண்ணத்திலோ நைஜீரியா இறுதிப் பதினாறு அணிகளுக்கு அப்பால் ஒருபோதும் சென்றதில்லை. ஐயுறுவோர் இதனையே தமக்குச் சான்றாகக் காட்டுவர்.

எனினும், வயதுச் சோதனையின் பின்னரும் இரு கிண்ணங்கள் வந்தன என்பதை அவர்கள் மறத்தலாகாது. திறமை அந்நாட்டு மண்ணில் குறைவின்றி இருந்தது. அதற்குப் பொய் வயது வேண்டியிருக்கவில்லை. முளையை முளையாகவே நட்டு, வளரக் காலமும் கொடுப்பின், பயிர் தானே விளையும். நம் பாடசாலை மைதானங்களுக்கும் இது பொருந்தும் அன்றோ?