துவக்கு தேடும் முன் கச்சேரிக்குப் போங்கள்

லிந்துலை, நாகசேனை, அக்கரப்பத்தனைப் பக்கங்களில் மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள் கூடிப் பேசினால் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "குறைஞ்ச விலையில நல்ல துவக்கு ஒண்ணு எடுக்க வழி இருக்கா? ஸ்கோப் வெச்ச ரைபிள் கிடைக்குமா?" இளைஞர்கள் கைபேசியில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு மாடல் பெயரோடு கேட்கிறார்கள். மூன்று மாதம் உரம் போட்டு மருந்தடித்து வளர்த்த உருளைக்கிழங்கைக் காட்டுப் பன்றி ஒரே இரவில் கிளறிப் போட்டுவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தோடு செய்கிற காரியம்தான் குடும்பத்தையே தெருவில் நிறுத்துகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பயிர்க் காவல் என்று சொல்லி இந்த நாட்டில் அரைத் தானியங்கி ரைபிளுக்கு அனுமதி கிடைக்காது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும்தான் இன்றும் நடைமுறையில் உள்ளன. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம், சுட்டிருக்க வேண்டியதில்லை. யுத்தம் விட்டுச்சென்ற ரி-56 ரகத் துவக்கை வைத்திருந்தவர்களுக்கு மேல் நீதிமன்றங்கள் ஆயுள் தண்டனை விதித்திருக்கின்றன. "கொழும்புல ஒருத்தர்கிட்ட மலிவா இருக்காம்" என்று யாராவது காதில் ஓதினால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள். உள்ளூரில் செய்கிற கல்கடாஸுக்கும் இதே பதில்தான். அது வெடிக்கும்போது எதிரே நிற்பதைவிடப் பிடித்திருக்கும் கைக்கே ஆபத்து அதிகம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் மலைக்கு ரைபிள் பொருந்தவே பொருந்தாது. மிகச் சிறிய .22 ரவைகூடத் தடையில்லாமல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். இந்த மலையில் சுட்டால் அந்த மலை லயத்தில் போய் விழும். ஸ்கோப் பன்றியைப் பெரிதாகக் காட்டும், பன்றிக்குப் பின்னால் பனிமூட்டத்தில் நிற்கிற ஆளைக் காட்டாது. ஏர் ரைபிளோ பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தி வெறியேற்றிவிடும். மறுநாள் காலை அந்தப் பன்றியின் முன் போய் நிற்பது கொழுந்து எடுக்கப் போகும் பெண்தான்.

அப்படியானால் முறையாக என்ன கிடைக்கும்? பயிர்ப் பாதுகாப்புக்கு வழமையாகக் கொடுப்பது 12 போர் வேட்டைத் துவக்கு. அதற்கு நுவரெலியா மாவட்டச் செயலகத்துக்கு, நாம் கச்சேரி என்கிறோமே அங்கே, நேரில் போய் விண்ணப்பப் படிவம் வாங்க வேண்டும். தரகரிடம் வாங்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், தரகரிடம் வாங்காதீர்கள். கிராம அலுவலரின் சான்று, பொலிஸ் அறிக்கை, காணி உங்களுடையது என்பதற்கான ஆவணம், பயிர்ச்சேத விபரம் எல்லாம் கேட்பார்கள். கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிரதியில் ஒப்பமும் திகதி முத்திரையும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு இறங்காதீர்கள். "பைல் காணோம்" என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லும் மேசைகளுக்கு முன்னால் அந்த முத்திரை ஒன்றுதான் பேசும்.

அனுமதி கிடைத்தபின்தான் துவக்கு, அதுவும் அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் மட்டும். துவக்கில் பொறித்த இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் முடிகிறது, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் நேற்றுவரை சட்டப்படி இருந்த துவக்கு இன்று கள்ளத் துவக்கு. மச்சானுக்கு ஓர் இரவு இரவல் கொடுப்பதும் குற்றம். தகப்பனார் காலமானால் துவக்கு மகனுக்குத் தானாக வந்துவிடாது. உடனே பொலிஸுக்கும் கச்சேரிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பரணில் சுருட்டி வைத்துவிட்டுச் சோதனையில் மாட்டியவர்கள் உண்டு.

விண்ணப்பிக்கும் இடத்தில்தான் நம்மவர்களுக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது. காணி ஆவணம் கேட்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் பாட்டன் காலத்திலிருந்து கொத்திப் பயிரிட்ட நிலத்துக்கு நம்மில் எத்தனை பேரிடம் உறுதி இருக்கிறது? 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, வியர்வை மட்டும் நம்முடையது. பன்றியை விரட்டச் சட்டம் திறந்து வைத்திருக்கும் ஒரே கதவும் தோட்டத் தொழிலாளிக்கு மூடியே கிடக்கிறது. இதைத் தெரிந்துகொண்டும் அதிகாரிகள் "விண்ணப்பிக்கலாமே" என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

மூடிய கதவுக்குப் பக்கத்தில்தான் கம்பிச் சுருக்கும், பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கும் முளைக்கின்றன. தேயிலை மலையின் கான் ஓரத்தில், பன்றித் தடத்தில், பழைய பிரேக் கம்பியைச் சுருக்கிட்டு வேர்க்காலில் கட்டிவிடுகிறார்கள். புல் மூடிவிட்டால் கட்டியவனுக்கே இடம் தெரியாது. 2020 மே 26 அன்று நல்லதண்ணியில் அப்படியொரு சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் மே 29 அன்று செத்துப்போனது. இலங்கையில் காண்பதற்கே அரிதான விலங்கு அது. சிறுத்தை பாதுகாக்கப்பட்ட விலங்கு. "நான் பன்றிக்குத்தான் வச்சேன்" என்பது 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் முன் எடுபடாது. கட்டுத்துவக்கோ முழங்காலுக்குக் குறி வைத்தது. அதில் கால் இழந்தவர்கள் விறகுக்கும் புல்லுக்கும் போன ஏழைகள். லயத்து மின்சாரத்தை வேலிக்கு இழுப்பதும் இதே கொலைத் தொழில்தான். அந்த வேலியை முதலில் தொடுவது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சுருக்கையோ கட்டுத்துவக்கையோ கண்டால் கையால் தொடாதீர்கள். அந்த இடத்தைத் தூரத்திலிருந்து அடையாளமிட்டு, மலைக்கு ஆள் போவதைத் தடுத்து, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கும் பொலிஸின் 119 இலக்கத்துக்கும் அழைத்துச் சொல்லுங்கள். சிறுத்தை உயிரோடு அகப்பட்டிருந்தால் கூட்டம் கூடி வீடியோ எடுப்பதை நிறுத்துங்கள். மிருகம் பயந்து இழுக்க இழுக்கக் கம்பி இடுப்பில் இறங்குகிறது. பிறகு விடுவித்தாலும் உள்ளுறுப்பு கெட்டுச் சாகிறது. கம்பி அறுந்தாலோ அது பாய்வது கூட்டத்தின் மேல். மயக்க ஊசி போடும் வைத்தியர் ரந்தெனிகல போன்ற தூர இடத்திலிருந்து வர வேண்டியிருக்கலாம். ஆகவே முதல் நிமிடத்திலேயே அழையுங்கள். ஆளுக்குக் காயமென்றால் 1990 அம்புலன்ஸ். பொலிஸில் முறைப்பாடு பதிந்து இலக்கத்தை எழுதி வாங்குங்கள், வைத்தியசாலைச் சீட்டை எறியாதீர்கள். இழப்பீடு கேட்கும் நாளில் இவை இரண்டும் இல்லாமல் வாய் வார்த்தையை யாரும் கேட்கமாட்டார்கள்.

பயிர்ச்சேதத்துக்கும் எழுத்துதான் ஆயுதம். சேதமான அன்றே திகதி தெரியப் படம் எடுங்கள். தோட்டத் துரைக்கும் பிரதேச செயலாளருக்கும் வனசீவராசிகள் அலுவலகத்துக்கும், ஒருவராக இல்லாமல் ஒரு டிவிசனே கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பொலிஸ் முறைப்பாட்டையும் விளங்காத மொழியில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு "எங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்லியாக வேண்டும். வாயால் நூறு முறை முறையிட்டும் அசையாத மேசை இந்தத் தாளுக்கு அசையும்.

ஏற்கனவே வீட்டில் அனுமதியில்லாத துவக்கு கிடந்தால் ஆற்றில் எறியாதீர்கள், இன்னொருவருக்கு விற்காதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவரைக் கண்டு, அவர் மூலம் பொலிஸில் ஒப்படையுங்கள். கான் ஓரத்தில் கம்பி கட்டியவர்கள் இன்று விடியும்போதே போய் அவிழ்த்துவிடுங்கள். பிரட்டு முடிந்து பெண்கள் மலை ஏறுவதற்கு முன்னால் அவிழ்த்துவிடுங்கள்.