மூக்கு வடக்கே, படகு மேற்கே

கரீபியக் கடலில் செயின்ட் வின்சென்ட் தீவின் வடமுனையிலிருந்து செயின்ட் லூசியா சுமார் 25 கடல்மைல். வானம் தெளிந்திருந்தால், 700 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிட்டோன் சிகரங்கள் இரண்டும் இங்கிருந்தே தெரியும். தெரிகிறதே என்று படகின் மூக்கை நேரே அவற்றுக்குப் பிடித்தால் வந்தது வம்பு.

கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வணிகக் காற்று, அட்லாண்டிக் தண்ணீரையும் மேற்கே தள்ளிக்கொண்டு வருகிறது. குறுக்கே தீவு வரிசை. பந்தி வாசலில் கூட்டம் முட்டுகிற மாதிரி, தண்ணீர் இடுக்குகளில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது.

டீயைக் குடித்துக்கொண்டே ஒரு கணக்குப் போடுவோம். படகின் வேகம் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல்மைல். கடக்க 5 மணி நேரம். நீரோட்டம் வெறும் 1 நாட்தான் என்றாலும், கரை சேரும்போது 5 கடல்மைல் மேற்கே ஒதுங்கியிருப்பீர்கள். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது; வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். விட்ட தூரத்தைப் பிடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் போகும். அதற்குப் பதில் புறப்படும்போதே 12 பாகை கிழக்கே பிடித்துவிடலாம். நீரோட்டம் தினம் ஒரே அளவில் இருக்காது என்பதால், எதிர்க்கரை முனை ஒன்றையும் அதன் பின்னால் உள்ள மலையையும் சேர்த்துக் கவனியுங்கள். முனையைத் தாண்டி மலை இடப்பக்கம் நகர்ந்தால், நீங்கள் மேற்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

இதைவிடக் கெட்ட இடம் புறப்படும் முனைதான். மேற்குக் கரையோரமாக முனைக்கு வரும்வரை சூஃப்ரியேர் எரிமலை காற்றை மறைத்துக்கொள்ளும்; பாய் தொங்கும், எஞ்சின்தான் ஓடும். முனை நெருங்கும்போது முன்னே நீரின் நிறம் கறுக்கும், வெள்ளை நுரை தெரியும். மலையைச் சுற்றி வளைந்து வரும் காற்று அங்கே நடுக்கடலைவிட வேகமாக அடிக்கும். நுரையைப் பார்த்தபிறகு பாயைச் சுருக்க எழுந்தால் கை காலுக்கு ஆபத்து. தண்ணீர் தட்டையாக இருக்கும்போதே சுருக்கிவிடுங்கள். மேல்தள மூடிகளை அடைத்துவிடுங்கள், அடுப்பில் எதையும் வைக்காதீர்கள்.

இங்கே கடல் ஏற்ற இறக்கம் அதிகம் போனால் முழங்கால் உயரம். ஆனாலும் அந்த ஏற்ற இறக்கத்தால் வரும் ஓட்டம் காற்றுக்கு எதிரே கிழக்கே திரும்பும் வேளையில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். உயரத்தைவிட அந்தச் செங்குத்துதான் படகை உலுக்குவது.

டிசம்பர், ஜனவரியில் 'கிறிஸ்துமஸ் காற்று' 25, 30 நாட் வேகத்தில் நாள்கணக்கில் வீசும். அப்போது போகிறவர்கள், ஊர் திரும்பும் விமானத்தை இரண்டு மூன்று நாள் தள்ளியே பதிவு செய்யுங்கள்.