ஜூலை 9 செப்டம்பர் 7 ஆனபோது

“தம்பி, ஒன்பதாம் தேதி வரவேண்டிய காசு இன்னும் வரலப்பா. நீங்கதானே அந்தக் கம்ப்யூட்டர் வேலையைப் பாக்குறீங்க?”

2025 ஜூலை நடுவில், நான் வேலைப் பயிற்சியில் இருந்த சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் முறுக்கும் மிக்சரும் செய்து உணவகங்களுக்கு விநியோகிக்கும் ஓர் அம்மா. அவரிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வரவேண்டியது மூவாயிரம் வெள்ளிக்குச் சற்று அதிகம். அதை வைத்துத்தான் அந்த மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றார்.

அவருடைய இன்வாய்ஸ்களை மின்னிலக்க வடிவத்துக்கு மாற்றும் நிரலை எழுதியவன் நான்தான்.

சிங்கப்பூரில் 2019ல் தொடங்கிய ‘இன்வாய்ஸ்நவ்’ கட்டமைப்பைப் பற்றி வணிகம் படிக்கும் நண்பர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். விற்பவரின் கணக்கு மென்பொருளிலிருந்து வாங்குபவரின் மென்பொருளுக்கு இன்வாய்ஸ் நேரடியாகப் போய்ச் சேரும். மறுமுனையில் யாரும் பிடிஎஃப் கோப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்வதில்லை. அனுப்பப்படுவது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் தொகை, வரி, தேதி என ஒவ்வொரு தகவலும் தனக்குரிய பெயர்ச்சீட்டோடு பயணம் செய்யும். புதிதாகத் தொடங்கி, பொருள் சேவை வரிக்குத் தாமாகவே பதிவுசெய்யும் நிறுவனங்கள், 2025 நவம்பர் 1 முதல் தங்கள் இன்வாய்ஸ் விவரங்களை இக்கட்டமைப்பின் வழியாகவே வரி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும்.

கோப்பு வெளியே போகுமுன் மூன்று கட்டச் சோதனை உண்டு. திறந்த குறிச்சொல் எல்லாம் மூடப்பட்டிருக்கிறதா என்பது முதலாவது. இது எளிது. அடுத்து ஸ்கீமா: இருக்க வேண்டிய பகுதிகள் உள்ளனவா, தேதி இருக்க வேண்டிய இடத்தில் தேதிதான் இருக்கிறதா என்று பார்க்கும். ‘2025-13-07’ என்று எழுதினால் பதின்மூன்றாம் மாதம் ஏது என்று திருப்பி அனுப்பிவிடும். ஆனால், கணக்கு சரியா என்பது ஸ்கீமாவுக்குத் தெரியாது. பத்தும் இருபதும் சேர்ந்து நாற்பது என்றாலும் ஏற்றுக்கொள்ளும். அதற்காகத்தான் மூன்றாவதாக ஸ்கீமட்ரான் விதிகள். பொருள்களின் தொகைகளைக் கூட்டினால் மொத்தம் வருகிறதா என்பதை அவை சரிபார்க்கும்.

அந்த அம்மாவின் இன்வாய்ஸ் மூன்றிலும் தேறியிருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

வாங்கிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவை அழைத்துக் கேட்டோம். “பணம் செப்டம்பர் 7ஆம் தேதிக்குத்தானே?” என்றார்கள். அம்மா எக்செலில் ‘09/07/2025’ என்று எழுதியிருந்தார். நான் பயன்படுத்திய நிரல்தொகுப்பு அமெரிக்க வழக்கப்படி முதலில் மாதம் என்று எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 7 என்பதும் முறையான தேதிதானே, எந்த விதி அதைத் தடுக்கும்?

“உன் சோதனை இன்வாய்ஸ்களைக் காட்டு,” என்றார் என் மேற்பார்வையாளர். மொத்தம் இருபது இருந்தன. அனைத்திலும் கெடுத்தேதி 28, 30 அல்லது 31. மாதக் கடைசிதான் வசதி என்று நானே போட்டவை. முதல் எண் 12ஐத் தாண்டினால் அது மாதமாக இருக்க முடியாது என்று அந்த நிரல்தொகுப்பு சத்தமில்லாமல் வரிசையை மாற்றிக்கொள்ளும். அதனால் என் சோதனைகள் எல்லாம் தேறின. அனுப்பிய 41 இன்வாய்ஸ்களில் ஒன்பதில் தேதி புரண்டிருந்தது. ஜூலை 4 என்பது ஏப்ரல் 7 ஆகிப்போன ஒருவருக்கு, கெடு தாண்டிவிட்டதாக நினைத்து உடனே பணம் அனுப்பியிருக்கிறார்கள். அவர் அழைத்துப் புகார் செய்யவில்லை!

அனுப்பிய மின்னிலக்க இன்வாய்ஸை அழித்துத் திருத்த முடியாது. கடன் குறிப்பு அனுப்பிப் பழையதை ரத்து செய்து, புதிதாக ஒன்றை அனுப்பினோம். இரண்டு நாளில் அம்மாவுக்குப் பணம் வந்துவிட்டது.

நிரலைத் திருத்த ஒரே வரி போதும்: நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைச் சொல்லிவிட வேண்டும். சோதனைகளைத் திருத்தத்தான் இரண்டு வாரம் பிடித்தது. நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டாலும் முறையான வேறொரு தேதி கிடைக்கும் நாள்கள் ஆண்டுக்கு 132. அத்தனையையும் சேர்த்தேன். இன்வாய்ஸ் தேதியோடு 30 நாள் தவணையைக் கூட்டினால் கெடுத்தேதி வருகிறதா என்று ஒரு விதி எழுதினேன். வேண்டுமென்றே கெடுத்த கோப்புகளையும் வைத்தேன். அவற்றில் ஒன்று ஏற்கப்பட்டாலும் சோதனை தோற்றதாகக் கணக்கு. கடைசியாக, பெறும் முனையில் படிக்கப்பட்டதை எடுத்து, அம்மா எழுதிய எக்செல் வரியோடு ஒப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், முதல் நாளே இதை மட்டும் செய்திருந்தால் போதும்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் அம்மா மறுபடி அழைத்தார். “இந்த மாசம் என்ன தேதிப்பா போட்டிருக்கு?” பெறும் முனையைத் திறந்து வாசித்தேன்: ஆகஸ்ட் 8. எட்டாம் மாதம், எட்டாம் தேதி. புரட்டிப் போட்டாலும் அதேதான் என்பது வாசித்த பிறகுதான் உறைத்தது. “ஒரு நிமிஷம்மா,” என்று சொல்லிவிட்டு அடுத்த இன்வாய்ஸையும் திறந்தேன்.