மணிக்கும் ஒரு மைதானம் வேண்டும்!



"ஆண்டு மலர் வருது, ஏதாச்சும் எழுதிக் குடுடா" என்று பேரவை நண்பர் கேட்டபோது, "நாயை எங்கெங்கே உலாவக் கூட்டிப் போகலாம் என்று எழுதட்டுமா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "நமக்கே உலாவ நேரமில்ல, நாய்க்கு வேறயா?" என்றான் ஒருவன். சிரிக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வராது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீடு எறையூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அரவை நடக்கும் மாதங்களில் விடியற்காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். வீட்டுக்குக் காவல் எங்கள் மணிதான். செவலை நிறத்து நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது ஏரிக்கரையிலிருந்து தூக்கி வந்தவன் நான்.

இரண்டு வயது வரை மணி அவிழ்த்துவிட்ட நாயாகத்தான் திரிந்தது. ஒருநாள் பக்கத்துக் கொல்லைக்காரரின் ஆட்டுக்குட்டியைக் கடித்துவிட்டது. அப்பா மூவாயிரம் ரூபாய் கொடுத்துச் சமாதானம் செய்தார். அன்றைக்கே வேப்பமரத்தில் நாலு முழச் சங்கிலி ஏறிவிட்டது. ஏழு மாதம் அந்தச் சங்கிலி அவிழவே இல்லை. நான் காலையில் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன், இருட்டித்தான் போவேன். மணி குரைத்துக்கொண்டே இருக்கும். "சும்மா கிட!" என்று அதட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன்.

ஒரு மாலை தங்கச்சி சோறு வைக்கக் குனிந்தபோது மணி அவள் கையைக் கடித்துவிட்டது. இரண்டு பல் இறங்கி ரத்தம் வந்துவிட்டது. மணிக்கு அதுவரை ஒரு ஊசிகூடப் போட்டதில்லை. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காயத்தைச் சுற்றி மருந்து ஏற்றினார்கள். அன்றைக்கும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் தடுப்பூசி போட்டார்கள். "நாயைப் பத்து நாள் கவனியுங்க, சாகுதா, நடத்தை மாறுதான்னு பாருங்க" என்றார்கள். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினோராம் நாள் அப்பா, "சாக்குல கட்டி எங்கயாச்சும் தூரமா கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுப்பா" என்றார். அப்பாயி, "வாயில்லாத சீவன், பாவம் சும்மா விடாது" என்று அழுதது. அப்பா என்னைப் பார்த்து, "நீதான படிக்கிறவன்? வேற வழி இருந்தா நீயே சொல்லு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். எனக்கு மெஷின் டிராயிங் தெரியும், லேத் ஓட்டத் தெரியும். வீட்டு வாசலில் கிடக்கிற நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

நோய் எங்கே இருந்தது?

கால்நடை மருந்தகத்து டாக்டர் மணியைச் சோதித்துவிட்டு, "நாய்க்கு நோய் இல்ல தம்பி. சங்கிலிதான் நோய்" என்றார். அவர் விளக்கியதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

நாய் ஓடுவதற்கும் மோப்பம் பிடிப்பதற்கும் பிறந்த பிராணி. நமக்குப் பேப்பர் படிப்பது எப்படியோ, அதற்கு மண்ணை முகர்வது அப்படி. அதே நாலு முழத்தில் நாள் முழுக்கக் கிடந்தால் அடங்கிய தெம்பு வெறுப்பாக மாறும். பயந்தால் விலகி ஓட முடியாது. விலக முடியாத நாய் கடிக்கும். வீட்டார் கடிக்குப் பயந்து கட்டி வைக்கிறார்கள், கட்டி வைத்ததால் அது இன்னும் கடிக்கிறது. இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, தினமும் கூட்டிப் போவது.

இது வெறும் இரக்கப் பேச்சு அல்ல நண்பர்களே, சட்டமும் கூட. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு, வழக்கமாகச் சங்கிலியில் கட்டி வைக்கும் நாய்க்குத் தகுந்த நடமாட்டம் தராமல் இருப்பதைக் குற்றம் என்கிறது. தகுந்த காரணமின்றி எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் அதே பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். பத்து ரூபாய் இன்றைக்கு ஒரு டீக்கே போய்விடும்! ஆனால் அபராதம் சிறிது என்பதால் குற்றம் சிறிதாகிவிடாது.

நகரங்களில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் பெர்க்கிலி நகரத்தில் 1979-லேயே நாய்களுக்கென்று வேலி போட்ட பூங்கா வந்துவிட்டது. நம் நாட்டில் ஹைதராபாத் மாநகராட்சி 2018-ல் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே ஒரு பூங்காவைத் திறந்தது. பெங்களூரு கப்பன் பூங்காவில் நாய் வளர்ப்போர் கூடுவது வழக்கம். 2022-ல் அங்கே நாய்களைத் தடை செய்யப்போவதாகத் தோட்டக்கலைத் துறை அறிவித்தது. சிலர் கயிறு இல்லாமல் விடுகிறார்கள், கழிவை அள்ளுவதில்லை என்பதே புகார். எதிர்ப்பு வந்ததும் அந்தத் தடை நிறுத்தி வைக்கப்பட்டது. இதில் நமக்குப் பாடம் உண்டு. நாயோடு வருகிறவன் ஒழுங்காக நடந்துகொண்டால்தான் இடம் நிலைக்கும்.

நம் ஊரில் அப்படிப்பட்ட பூங்கா கிடையாது. ஆனால் இடத்துக்கா பஞ்சம்? எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்தால் போதும்.

ஆகாத இடங்கள்

1. கரைவெட்டி. அரியலூர் மாவட்டத்தின் இந்த ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயமலை தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும் இடம். ஒரு நாய் கரையில் ஓடினால் கூட்டமே எழும்பிவிடும். நாயிடமிருந்து காட்டுயிர்களுக்கு நோயும் போகும். 2018-ல் குஜராத் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி அவற்றில் பலவற்றிடம் இருந்தது. எனவே சரணாலயத்துக்கு நாம் போகலாம், நாய் வேண்டாம்.

2. ரஞ்சன்குடிக் கோட்டை. நமக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆசை வரும். ஆனால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்தகைய சின்னங்களுக்குள் பிராணிகளைக் கொண்டு வரக்கூடாது என்று 1959-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இதுவே பொருந்தும்.

3. சாத்தனூர் கல்மரம். சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. நாய் காலைத் தூக்குவதற்கு வேறு மரமா இல்லை? வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

4. பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளி, கல்லூரி. தெருநாய்க் கடி பெருகியதால், இந்த இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றும்படி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜனங்களின் பயம் நியாயமானது. நம் நாய் சாது என்பது நமக்குத்தான் தெரியும், எதிரே வருகிற குழந்தைக்குத் தெரியாது.

5. காப்புக்காடு. மானும் முயலும் இருக்கிற இடம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்கள் முயலைக் கண்டால் நம் பேச்சைக் கேட்காது. நாயை ஏவி முயல் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான்.

ஆகும் இடங்கள்

1. ஏரிக்கரை. எறையூர் சின்னாறு நீர்த்தேக்கத்தின் கரையோ, அவரவர் ஊர் ஏரிக்கரையோ, காலை ஆறு மணிக்கு முன்பு போனால் ஆள் நடமாட்டம் குறைவு. நிழலும் காற்றும் உண்டு. ஆடு மாடு ஓட்டி வருகிற நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

2. அறுத்த கொல்லை. நம் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கும் மாதங்களில் உள்ளே விடவே கூடாது. மருந்து அடித்திருப்பார்கள், எலிக்கு விஷம் வைத்திருப்பார்கள். அறுவடை முடிந்த பிறகு சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போனால் அதைவிடப் பெரிய மைதானம் எந்த நகரத்திலும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நம் ஊர்க் கொல்லைகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் அதிகம். கிணறு எங்கே என்று முதலில் நீங்கள் தனியாக நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

3. வண்டிப்பாதை. ஊரிலிருந்து கொல்லைக்குப் போகும் மண்பாதைகள். நெடுஞ்சாலை வேண்டாம். கரும்பு டிராக்டரும் சிமெண்ட் லாரியும் நாய்க்காகப் பிரேக் போடாது.

4. வெள்ளாற்று மணல். தண்ணீர் இல்லாத கோடையில், வெயில் ஏறும் முன்பு. வெள்ளம் வரும் காலத்தில் கிட்டே போகக்கூடாது.

போகும் முன் கவனிக்க!

முதலில் ஊசி. மூன்று மாதக் குட்டியிலிருந்து வெறிநோய்த் தடுப்பூசி போடலாம், பிறகு டாக்டர் சொல்லும் நாளில் வருடாவருடம். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதன்முதலாக இந்த நோய்க்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். அந்த நாளையொட்டி கால்நடை மருந்தகங்களில் இலவச ஊசி முகாம் நடக்கும். யாரையாவது கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள். சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனை. நோய் முற்றிவிட்டால் மருந்தே இல்லை.

இரண்டாவது சூடு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது.

மூன்றாவது கயிறு. அகலமான தோல்பட்டையும் ஆறடிக் கயிறும் போதும். ஆட்டைக் கண்டால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கி நில்லுங்கள். தெருநாய் வந்தால் ஓடாதீர்கள், கல்லெறியாதீர்கள். கையில் ஒரு குச்சியோடு நின்று நிதானமாக விலகுங்கள். புரட்டாசி முதல் மார்கழி வரை நாய்கள் கூட்டம் சேரும் காலம், கூடுதல் கவனம் தேவை.

நான்காவது, வந்ததும் காது, விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நடைபாதையில் கழிவு போட்டால் பழைய பேப்பரால் அள்ளிக் குழியில் மூடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் படிப்பு உதவிய இடம்

நாள் முழுக்க நடத்த முடியாதே, மற்ற நேரத்துக்கு என்ன செய்வது? இரண்டு கம்பம் நட்டு, முப்பதடிக்கு எட்டாம் நம்பர் கம்பியை இழுத்துக் கட்டினேன். அதில் ஓர் இரும்பு வளையம், வளையத்தில் சங்கிலி. நாய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வரலாம். இரண்டு கம்பத்துக்கும் ஐந்தடி முன்பாகவே கம்பியில் கிளாம்ப் போட்டு வளையத்தைத் தடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சங்கிலி கம்பத்தில் சுற்றிக்கொண்டு கழுத்தை இறுக்கும். நடுவே ஒரு சுழல் கொக்கி அவசியம். அதுதான் சங்கிலி முறுக்கேறாமல் காக்கும். அந்தக் கொக்கியை மிச்சம் கிடந்த ராடில் நானே கடைந்தேன். செலவு கம்பிக்கும் கிளாம்புக்கும் மட்டும்தான். தண்ணீரும் நிழலும் அந்த முப்பதடிக்குள் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

இப்போது...

முதல் நாள் மணி என்னை இழுத்துத் தள்ளி முட்டியைத் தேய்த்துவிட்டது. பதினைந்து நிமிடத்தில் தொடங்கி இப்போது முக்கால் மணி நேரம் நடக்கிறோம். மூன்றாம் வாரத்தில் ராத்திரிக் குரைப்பு அடங்கியது. முற்றிலும் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆட்டைக் கண்டால் இன்னும் காது விறைக்கிறது. தங்கச்சியும் இன்னும் எட்டி நின்றுதான் சோற்றுத் தட்டைத் தள்ளுகிறாள். அவளை யாரும் அவசரப்படுத்துவதில்லை. நம்பிக்கை வர அவளுக்கும் நாள் ஆகும் அல்லவா?

செமஸ்டர் பரீட்சை வந்தபோது விடியற்காலையில் படிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு மணிக்கு நடை இல்லை என்று நினைத்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினேன். வாசலில் சங்கிலிச் சத்தம். எட்டிப் பார்த்தால் அப்பா கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தார். "நீ படிப்பா. நான் ஏரி வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்றார். அன்றைக்கு அவருக்குக் கரும்பு வெட்டும் வேலையும் இருந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு மணி கட்டிக் கிடக்கலாம். இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் முதலில் ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள். பிறகு அவிழ்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏரிக்கரை வரை ஒரு நடை போய் வாருங்கள். படித்தவன் வீட்டுக்கு வந்ததற்கு அதுவும் ஓர் அடையாளமாக இருக்கட்டும்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை